தெரியாது என்று எழுதாதே

ஜூன் 3, செவ்வாய்

பயிற்சி முடிந்தது. கொழும்பிலிருந்து வந்த மேற்பார்வையாளர் வினோதினி கடைசியாகச் சொன்னார்: "உங்க அபிப்பிராயத்த வீட்லயே வச்சிட்டு வாங்க. கேள்விய மட்டும் கொண்டு போங்க." எல்லாரும் தலையாட்டினோம். வைத்துவிட்டு வர வீட்டில் இடம் வேண்டாமா? என் அலுமாரியில் என் சேலைகளும் என் மனுசனுடைய காவல் உடுப்பும்தான் கொள்ளும். அதனால்தான் இந்த டயரி.

வேலை இதுதான். வளர்ந்து வரும் பெரிய நாடுகளைப் பற்றி வெளிநாட்டுச் சனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு கம்பனி பல தேசங்களில் ஒரே நேரத்தில் கேட்கிறதாம். அந்த வெளிநாட்டுச் சனம் இந்த முறை நாங்கள். முக்கியமாகச் சீனாவைப் பற்றி. அந்த நாட்டின் செல்வாக்கு உங்கள் நாட்டில் கூடுவது நல்லதா கெட்டதா என்று கேட்க வேண்டும். மிக நல்லது, ஓரளவு நல்லது, ஓரளவு கெட்டது, மிகக் கெட்டது, தெரியாது. ஐந்தில் ஒன்றைத் தொட்டால் முடிந்தது. கேள்விகள் கம்பனி தந்த டாப்பின் திரையில் வரும், நான் வாசித்துக்காட்ட வேண்டும். கழுத்தில் என் படத்தோடு அடையாள அட்டை. எமில்டா ஜெறோம், நேர்காணலாளர். படத்தில் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறேன்.

எனக்கென்று இதில் ஒரு அபிப்பிராயமும் இல்லை என்பதை முதல் நாளே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

பட்டணத்துப் பக்கம் ஏழெட்டு வீடு. ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் சீனாவுக்கு மிக நல்லது என்றார். ஏன் ஐயா என்றேன். "பிள்ளை, இந்த டோர்ச் லைற்றைப் பார். என்ன மலிவு!" அமத்திக் காட்டினார், எரியவில்லை. தட்டினார், குலுக்கினார், பற்றரியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டார். பிறகு, "ஓரளவு நல்லது எண்டு போடும்" என்றார்.

ஒரு வீட்டில் மனுசன் பதில் சொல்ல, மனைவி குசினியிலிருந்து "அதைச் சொல்லாதேங்கோ, பெடியனுக்கு அங்க படிக்க ஸ்கொலர்ஷிப் கேட்டிருக்கிறம்" என்று கத்தினாள். மனுசன் மிக நல்லதுக்கு மாறினார். நான் சிரிக்கவில்லை. சிரிப்பதும் அபிப்பிராயத்தில் சேர்த்திதானாம்.

ஜூன் 6, வெள்ளி

முனைக்குடாவுக்குப் போகவிருந்த பிள்ளைக்கு டெங்கு. வினோதினி எனக்குப் போன் எடுத்தார். "அக்கா, அது உங்க ஊர்தானே? சொந்த ஊருக்கு அனுப்பக்கூடாது, ஆனா வேற ஆளில்ல. உங்க வீட்ட மட்டும் தொடாதீங்க. வேலையாள் வீட்ல கேட்கக்கூடாது."

என் வீட்டைத் தொட என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

ஜூன் 7, சனி

என் மனுசனுக்கு இரவுக் காவல். மீன் இல்லை. பருப்பும் சோறும். மீன்பிடிக் கிராமத்தில் பருப்பு விற்று ஒருத்தன் பணக்காரனாகிறான்.

ஜூன் 8, ஞாயிறு

அந்தோனியார் கோயிலில் பூசை முடிய மணி அடித்தார்கள். எங்கள் ஊரில் பூசைக்குப் பிறகு மணி அடித்தால் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டம். ஒருவரும் வீட்டுக்குப் போகக்கூடாது. அங்கே எடுக்கும் முடிவுக்குச் சங்கச் சொல் என்று பெயர். சங்கச் சொல்லுக்கு மாறிக் கதைத்தவனுக்கு அந்த வருசம் வலைப்பாடு கிடையாது. பாடு என்றால் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்ற பங்கு. வருசத்துக்கு ஒருமுறை கோயில் பெட்டியில் துண்டு போட்டு எடுப்போம்.

தலைவர் செபமாலை அண்ணை என்னை முன்னுக்குக் கூப்பிட்டார். "எமில்டா நாளைக்கு எங்களிட்டைக் கேள்வி கேக்க வருதாம். சீனனைப் பற்றியாம். என்ன சொல்லுவம்?"

என்ன ஒரு சத்தம்! போன வருசம் களப்பின் வாயில், உப்பேரி கடலோடு சேரும் இடத்தில், கடலட்டைப் பண்ணை வந்தது. சீனக் கம்பனி ஒன்று பணம் போட்டது, அதிகாரக் கதிரையில் இருக்கிற எங்கள் ஆட்களே அனுமதி கொடுத்தார்கள். வலையும் கம்பும் நட்டு வேலி போட்டார்கள். வள்ளங்கள் கடலுக்குப் போகும் வாய்க்கால் வேலிக்குள் போய்விட்டது. இப்போது மணல்திட்டைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். களப்புக்குள்ளே வலை கட்டுகிறவர்களுக்கோ மீன் வரும் வழியே அடைபட்டுப் போனது.

"மிகக் கெட்டது எண்டு போடுவம்!" என்றது ஒரு பக்கம். "அனுமதி குடுத்த எங்கட ஆக்களை என்னெண்டு போடுவியள்?" என்றது மற்றப் பக்கம். பிலோமினா எழும்பி, "என்ர மகள் அங்க வேலை செய்யிறாள், நான் கெட்டதெண்டு சொல்லமாட்டன்" என்றாள். கடைசியில் செபமாலை அண்ணை கையை உயர்த்தினார். "அவையின்ர அஞ்சு பதிலிலை ஒண்டும் எங்கட பதில் இல்லை. ஒண்டையும் தொடக்கூடாது. எல்லாரும் ஒரே வசனம் சொல்லுவம். 'முதலிலை எங்கட வாய்க்காலைத் திறந்து விடட்டும், பிறகு சொல்லுறம்.' சரியோ?"

சரி என்று கோயில் அதிர்ந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது என்று எழுத வந்தேன். எனக்கு அபிப்பிராயம் இல்லை.

என் மனுசன் கூட்டத்துக்கு வரவில்லை. கேட்டால், நித்திரை.

ஜூன் 9, திங்கள்

முதல் வீடு: "முதலிலை எங்கட வாய்க்காலைத் திறந்து விடட்டும், பிறகு சொல்லுறம்."

இரண்டாம் வீடு: அதே.

மூன்றாம் வீட்டில் தொண்ணூறு வயது ஞானப்பு அப்பா. காது கேட்காது. நான் வாயைத் திறக்கமுன்னமே முழு வசனத்தையும் சொல்லி, "சரியாச் சொன்னனோ?" என்று பேத்தியைப் பார்த்தார்.

ஐந்தில் ஒன்றைத் தொடாமல் டாப் அடுத்த கேள்விக்குப் போகாது. அதனால் தெரியாது என்பதைத் தொட்டு, கீழே குறிப்பு எழுதும் பெட்டியில் அந்த வசனத்தை அப்படியே எழுதினேன். வேறு வழி இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்கு யூட் வீடும் வந்தது. யூட் என் தம்பி. என் மனுசன் அந்தக் கடலட்டைப் பண்ணையில் காவலுக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் என் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அவனுடைய பாடு சரியாக அந்த வேலிக்குப் பின்னால் இருக்கிறது.

கதவைத் திறந்தவன், "வந்திருக்கிறது அக்காவோ, கம்பனியோ?" என்றான்.

"கம்பனி" என்றேன். எனக்கும் வாய் இருக்கிறது.

வசனத்தைச் சொன்னான். பிறகு, "அக்காவெண்டால் தேத்தண்ணி தந்திருப்பன்" என்று கதவைச் சாத்தினான். எருமை.

நியாயத்துக்கு இதையும் எழுதவேண்டும். என் மனுசனுக்கு இடது கையில் இரண்டு விரல் வலைக்கயிற்றோடு போனது. ஒரு கையால் வலை இழுக்க முடியுமா? வேறு யார் வேலை கொடுத்தார்கள்? பண்ணைதான் கொடுத்தது. அங்கே பொறுப்பாக இருக்கிற லீ என்ற பெடியன் இவருக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பிளும் சூப் பக்கெற்றும் கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று "சாப்பிட்டாச்சா?" என்றான், அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ். நல்ல பிள்ளை. தாய் யாரோ.

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருநாள். சொரூபம் வைத்த கூடு ஊரைச் சுற்றி வந்தது. மற்ற வருசங்களில் வள்ளத்தில் வைத்து வாய்க்கால் வழியாகக் கொண்டுபோய்க் கடலை ஆசீர்வதிப்போம். இந்த முறை அந்தோனியார் ரோட்டால் போனார், டிராக்டரில். சனம் கரையில் நின்று வேலியைப் பார்த்தபடி பாடியது. வேலிக்கு அந்தப் பக்கம் காவல் உடுப்போடு ஒருவர் தொப்பியைக் கழற்றி நின்றார். யாரென்று எழுதத் தேவையில்லை.

ஜூன் 16, திங்கள்

வினோதினி போனில் சன்னதம் ஆடிவிட்டார்.

"அக்கா, நான் உங்கள நம்பித்தானே அனுப்பினேன்? வீட்ல இருந்து நிரப்பியிருக்கீங்க!"

"என்ன சொல்லுறீங்கள்? வீடு வீடாப் போனனான்."

"எல்லா வீட்லயும் ஒரே வசனமா? ஒரு எழுத்துக்கூட மாறல அக்கா! கம்ப்யூட்டரே சிவப்பு காட்டுது. பொய் நேர்காணல்னு."

சங்கச் சொல்லைப் பற்றி விளக்கினேன். அவர் நம்பினாரோ என்னவோ, குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி, உண்மைன்னே வைங்க. அப்பவும் பிரயோசனமில்ல. நீங்க தெரியாதுன்னுதானே போட்டிருக்கீங்க? தெரியாதுன்னவங்கள கழிச்சிட்டுத்தான் வீதம் எடுப்பாங்க. குறிப்பு பெட்டிய யாரும் வாசிக்க மாட்டாங்க. உங்க ஊர அப்படியே அழிக்கச் சொல்லிட்டாங்க."

"அழிச்சால்?"

"பட்டணத்து வீடுகள் மட்டும் இருக்கும். அதில பாதிக்கு மேல நல்லதுன்னுதான் வந்திருக்கு. இந்தப் பகுதிச் சனம் விரும்புறாங்கன்னு அறிக்கை வரும்."

தபால்காரருடைய டோர்ச் லைற் எங்கள் வாய்க்காலுக்கும் சேர்த்துப் பதில் சொல்லப்போகிறது. எனக்கு வந்த கோபத்தில் சோற்றுப்பானையைக் கழுவாமலே கவிழ்த்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

சங்கத்துக்குப் போய்ச் சொன்னேன். செபமாலை அண்ணைக்கு முகம் கறுத்துப் போனது.

"எங்களுக்குத் தெரியாது எண்டோ எழுதினனீ?"

"டாப்பிலை வேறை இடம் இல்லை அண்ணை."

"அடியேய், எங்களுக்கோ தெரியாது? அந்த வாய்க்காலிலை ஆழம் எங்கை, கல் எங்கை எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். தெரியாதாம்!"

"ஒரே வாயாச் சொன்னால் பலம் எண்டு நினைச்சம்" என்றாள் பிலோமினா மெல்ல. "அவங்களுக்கு அது கள்ளமாப் போச்சு."

எல்லாரும் என்னை ஏசினார்கள். நானும் திருப்பி ஏசினேன். என்ன, நான் மட்டும் பேச்சு வாங்கவோ பிறந்தேன்? "பூசைக்கு ஒரு வாய் சரி, இதுக்குச் சரிவராது. அவங்கள் ஆளாளாய்த்தான் எண்ணுறாங்கள். நீங்கள் எல்லாரும் சேர்ந்து வாயைப் பொத்தினால் அவங்களுக்கு வசதி. இன்னொருக்காக் கேக்கச் சொல்லிக் கேக்கிறன். இந்த முறை அவனவன் மனதிலை கிடக்கிறதைச் சொல்லுங்கோ. நல்லதெண்டால் நல்லது, கெட்டதெண்டால் கெட்டது. தெரியாது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ!"

"அப்ப சங்கச் சொல்?" என்றான் மூலையிலிருந்து யூட். என்னைப் பார்க்காமல்தான் கேட்டான்.

செபமாலை அண்ணை தாடியைச் சொறிந்தார். "இது ஒருக்காச் சங்கச் சொல் இல்லை எண்டதுதான் சங்கச் சொல்" என்றார்.

ஜூன் 18, புதன்

வினோதினி மாட்டேன் என்கிறார்.

ஜூன் 19, வியாழன்

இன்றும் மாட்டேன் என்கிறார். "உங்க கண்ணாலை வந்து பாருங்கோ. கள்ளம் எண்டால் என்ரை பேரைக் கறுப்புப் பட்டியலிலை போடுங்கோ" என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

வருகிறாராம். புதிதாக வீடுகளைத் தெரிவுசெய்து அவரே கேட்பார். நான் வழி காட்ட மட்டும். வாயைத் திறக்கக்கூடாது. அவருக்கு என்னை எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது!

ஜூன் 23, திங்கள்

சட்டை ஒன்றை மினுக்கி வைத்தேன். அவர் கேட்டார், "நாளைக்கு எங்கட வீட்டுக்கும் வருவினமோ?"

"வேலையாள் வீட்டிலை கேக்கேலாது."

"நல்லது" என்றார். பிறகு, "கேட்டால் நீர் என்ன சொல்லுவீர்?" என்றார்.

"எனக்கு அபிப்பிராயம் இல்லை" என்றேன். அவர் சிரித்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து என்னோடு இருக்கிறவர். சிரிக்கத்தானே செய்வார்.

ஜூன் 24, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

வினோதினி காலையில் வந்து, போனில் இலக்கம் போட்டு வீடுகளைத் தெரிவதாகச் சொன்னார். செபமாலை அண்ணை விடவில்லை. "போனுக்குள்ளை என்ன நடக்குதெண்டு ஆருக்குத் தெரியும் பிள்ளை? எங்கட பெட்டியிலை எடுங்கோ." பாடு எடுக்கும் மரப்பெட்டியைக் கொண்டுவந்து, ஊரில் உள்ள எல்லா வீட்டு இலக்கத்தையும் துண்டில் எழுதிப் போட்டார்கள். வினோதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுவும் ரேண்டம்தான்" என்று கையை விட்டார். பத்துத் துண்டு.

முதலில் பிலோமினா. "மிக நல்லது" என்றாள், மகளை நினைத்து. ஜன்னலுக்கு வெளியே நின்ற சனம் உறுமியது. செபமாலை அண்ணை திரும்பி ஒரு அதட்டு அதட்டினார். "சொல்லட்டும்! அவளின்ரை வாய்."

பிறகு ஞானப்பு அப்பா. இவ்வளவு நாளும் பாடமாக்கிய வசனத்தை மறக்க மனம் வரவில்லை. பேத்தி காதுக்குள் கத்தி விளங்கப்படுத்திய பிறகு ஐந்தையும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, "அந்த நாட்டிலை என்னைப் போலை கடலுக்குப் போறவனும் இருப்பான். அவனோடை எனக்கு ஒண்டும் இல்லை. செல்வாக்கோ? அது மிகக் கெட்டது" என்றார். வினோதினி இரண்டையும் எழுதினார். ஓரளவு கெட்டது வந்தது. ஓரளவு நல்லதும் வந்தது. ஒருத்தி அனுமதி கொடுத்த எங்கள் ஆட்களைப் பற்றிய கேள்வி எங்கே என்று சண்டைக்கு வந்தாள். ஒருவரும் தெரியாது என்று சொல்லவில்லை. வினோதினியின் முகம் வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டு வந்தது. "அக்கா, கொழும்பிலயும் இப்படிப் பதில் கிடைக்கல" என்றார்.

பத்தாவது துண்டைப் பிரித்தார். இலக்கத்தைப் பார்த்து என்னைப் பார்த்தார்.

"இது உங்க வீடு. எடுக்க ஏலாது. இதப் போட்டுட்டு வேற எடுக்கிறேன்."

"பெட்டியிலை எடுத்த துண்டைத் திருப்பிப் போடுறதில்லை" என்றார் செபமாலை அண்ணை.

"சட்டம் அப்படி ஐயா."

"எங்கட சட்டம் இப்பிடி. இந்த வருசம் யூட்டுக்கு வேலிக்குப் பின்னாலை பாடு விழுந்தது. மாத்தித் தா எண்டு அழுதவன். குடுத்தமோ? பெட்டியிலை வந்தால் வந்ததுதான்."

சனம் முழுக்க என்னைப் பார்த்தது. யூட்டும் பார்த்தான், இந்த முறை நேராக. இப்படித்தான் ஆகும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்ததோ என்னவோ, கை தானாகக் கழுத்துக்குப் போனது. அடையாள அட்டையைக் கழற்றினேன். பையிலிருந்த டாப்பையும் எடுத்து வினோதினியின் கையில் வைத்தேன்.

"இப்ப நான் வேலையாள் இல்லை. வாங்கோ வீட்டுக்கு."

"என்ன அக்கா இது! விட்டா திரும்பச் சேர்க்க மாட்டாங்க. ஒரு வீட்டுக்காகவா?"

"என்ரை வீடெல்லோ அது."

வீட்டில் என் மனுசன் காவலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார், உடுப்பும் தொப்பியுமாக. வாசலில் ஊரே நின்றது. வினோதினி கதிரையில் இருந்து, முதல் கேள்வியைக் கேட்டார். வீட்டில் பெரிய ஆட்கள் எத்தனை பேர், அடுத்து வருவது யாருடைய பிறந்தநாள்? அந்த ஆளிடம்தான் கேட்கவேண்டும். மனுசனுடையது மார்கழி. என்னுடையது ஜூலை இரண்டு, மடு மாதா திருநாளன்று.

பிறகு செல்வாக்குக் கேள்வி வந்தது, எத்தனையோ வீட்டில் நான் வாசித்தது. பதில் சொல்லுகிற பக்கத்திலிருந்து அது இவ்வளவு பாரமாக இருக்குமென்று நினைக்கவில்லை. மனுசனைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தலையை ஆட்டவுமில்லை, குனியவுமில்லை.

"மிகக் கெட்டது" என்றேன். "வடிவாத் தொடுங்கோ. இன்னும் இருக்கு. அங்கேயிருந்து வந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். தங்கமான பிள்ளை, அவனிலை குற்றம் இல்லை. என்ரை மனுசன் அந்தப் பண்ணையிலைதான் வேலை செய்யிறார், அந்தச் சோறுதான் தின்னுறன். அதையும் எழுதுங்கோ. சோறு போட்டால் வாய் மூடிக்கொள்ளும் எண்டு ஆரும் நினைச்சால், அது இந்த வீட்டிலை நடக்காது. என்ரை தம்பியின்ரை பாட்டுக்கு மீன் வாற வழியை அடைச்சவை நல்லவையோ? மிகக் கெட்டது. தெரியாது எண்டு எழுதாதேங்கோ. எனக்கு நல்லாத் தெரியும்."

வினோதினி எழுதினார். குறிப்புப் பெட்டியில் இடம் முடிந்தும் எழுதினார். போகும்போது என் கையைப் பிடித்து, "இத யாரும் வாசிக்க மாட்டாங்கன்னு சொன்னேன்ல. நான் வாசிப்பேன் அக்கா. மேல உள்ளவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுவேன்" என்றார். வாசிப்பாரோ தெரியாது. எண்ணிக்கையில் சேர்க்கத்தானே வேண்டும், அது போதும். இனி எங்கள் ஊரை அழிக்கேலாது.

என் மனுசன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஜூன் 25, புதன்

விடிய எழும்பினால் வாசல் படலையில் ஒரு பை தொங்குகிறது. உள்ளே நண்டு, உயிரோடு. யார் வைத்ததென்று கேட்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் நண்டின் கொடுக்கை அப்படிப் பச்சை நூலால் கட்டுகிறவன் ஒருத்தன்தான். எருமை, ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்.

முருங்கையிலை போட்டுக் குழம்பு வைத்தேன். அவர் காவல் முடிந்து வந்து முழுகிவிட்டுச் சாப்பிட இருந்தார். நண்டைப் பார்த்தார். எங்கிருந்து என்று கேட்கவில்லை. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார், ஒரு கையால் ஓட்டை உடைக்க முடியாமல் என்னிடம் நீட்டினார், நான் உடைத்துக் கொடுத்தேன்.

கை கழுவிவிட்டு வந்து வாசல்படியில் நின்று களப்பைப் பார்த்தபடி சொன்னார்: "கேள்வி கேக்க வந்த பிள்ளையிட்டைச் சொல்லும். அடுத்த முறை ஒரு வீட்டிலை ரெண்டு பேரைக் கேக்கச் சொல்லி. எனக்கும் சொல்லுறதுக்கு இருக்கு."

என்ன சொல்லுவார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வேலையைத்தான் நேற்றோடு விட்டுவிட்டேனே. அவர் பக்கத்தில் போய் நின்றேன், அவர் தானாகச் சொல்லத் தொடங்கினார்.